பள்ளிக்கூடம் விடும் நேரம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் பாபு கையைத் தூக்கிக் காட்டியதும் ஜெசிந்தா மைக்கை ஒட்டி வந்து நின்றாள். திரையில் அந்தப் பெண் மறுபடியும் ஓடி வந்தாள். மறுபடியும் அவள் கொண்டை அவிழ்ந்தது. மறுபடியும் இரண்டு கையாலும் குளியலறைக் கதவைக் குத்தினாள். வாய் திறந்தது, ஜெசிந்தா கத்தினாள்: "ஆதி, கதவைத் திற! உள்ள என்ன பண்றே? திற ஆதி!" மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே கதவுதான். உள்ளே ஆதி என்கிற கதாநாயகன் கையில் ஊசியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், அது அடுத்த காட்சி. கதவைக் குத்துகிறவள் அவன் மனைவி. நடித்த பெண்ணுக்குத் தமிழ் வராது, படப்பிடிப்பில் வாய்க்கு வந்ததை அவள் பாஷையில் சொல்லியிருக்கிறாள், அந்த உதட்டுக்குள் தமிழை நுழைப்பது ஜெசிந்தாவின் வேலை. இருபது வருஷமாக ஊரார் உதட்டுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கிறவள் அவள். காதுக்குள் இயக்குநர் இளம்பரிதியின் குரல் வந்தது. முதல் படம், மரியாதையான பையன். "மேடம், லிப் எல்லாம் கரெக்டா உக்காந்துடுச்சு. ஆனா பயம்தான் வருது, கோபம் வரல. எனக்குக் கோபம் வேணும் மேடம். இன்னொண்ணு போயிடலாமா?" போயிடலாம் என்று தலையாட்டினாள். பயம் வருகிறது என்பதை ஒரு குறையாகச் சொல்கிறான். பயம் வராமல் என்ன செய்யும். வெளியே வெயில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுகூட இந்த அறைக்குள் தெரியாது. சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறார்கள், கடிகாரம் வைக்கமாட்டார்கள், டிக் டிக் என்று மைக்கில் விழுந்துவிடும். போனை வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே இருக்கும் தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டிருக்குமா, இன்னும் விடவில்லையா. கடைசிப் பீரியட் மகள் ஷெரினுக்கு ஓவியம். விட்டிருக்காது. விட்டிருந்தால் உடம்புக்குத் தெரியும் என்று ஏனோ நினைத்தாள், பிறகு அந்த நினைப்பைத் தானே நம்பவில்லை.

காலையில் நடந்தது ஒன்றும் பெரிதல்ல. ஆட்டோக்காரர் போன் பண்ணி, ஊரில் சாவு, இன்றைக்கு வரமாட்டேன் என்றார். காலையில் நானே கொண்டுபோய் விட்டுவிடுவேன், சாயங்காலம்தான் என்ன பண்ணுவது என்று தோசையைத் திருப்பிக்கொண்டே சத்தமாக யோசித்துவிட்டாள். அதுதான் தப்பு. சமையலறை வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெலிக்ஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "நான் போய்க் கூட்டிட்டு வர்றேனேக்கா." அவள் உடனே, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், "சரிடா" என்றாள். தாமதித்திருந்தால் அந்தத் தாமதமே பதிலாகிவிடும், அவன் முகம் சுருங்கிவிடும், அதற்குப் பயந்து சொன்ன சரிடா. இயல்பாக வரவேண்டும் என்று முயற்சி பண்ணிச் சொன்னது. அவன் நம்பினானா? தொழில்முறைச் சரிடா அது. வேறு யாராவது என்றால் நம்பியிருப்பார்கள், கூடப் பிறந்தவன் நம்பியிருக்க மாட்டான். நம்பாமலே தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தன் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தான். பள்ளிக்கூட வாசலில் நாலு பேர் பார்ப்பார்களே என்று ஒரு நல்ல சட்டை. ஷெரின் குதித்தாள். "மாமா வர்றியா? நெஜமா மாமாதானா? கேட்டுக்குப் பக்கத்துல நிக்கணும், பெல் அடிச்சதும் நான் ஓடி வருவேன்." மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மாமாவைப் பற்றி என்ன தெரியும். மாமாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தார், இப்போது தேறிவிட்டார். அவ்வளவுதான் சொல்லி வைத்திருக்கிறாள். வகுப்பு டீச்சருக்கும் போன் பண்ணி, "இன்னைக்கு அவ மாமா வருவார் மிஸ்" என்று சொன்னாள். டீச்சர் எதுவும் கேட்கவில்லை. எதுவும் கேட்காமல் இருந்ததே அப்போது கொஞ்சம் திகிலாக இருந்தது. யாராவது ஒருத்தர், அந்த மாமா எப்படிப்பட்டவர் என்று கேட்டிருக்கக் கூடாதா.

"திற ஆதி!" கோபம். கோபம் வேண்டுமாம். தொண்டையில் மணல் மாதிரி ஏதோ உருண்டது. பாபு வெந்நீர் குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினான். நிஜத்தில் யார் இப்படிக் கத்தினார்கள். காசிமேட்டு வீட்டில் அந்தத் தகரக் கதவுக்கு வெளியே அவள் நின்றபோது கத்தவில்லை, கத்த முடியாது, கீழ்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதை நீட்டிக்கொண்டிருப்பார்கள். கதவின் இடுக்கில் வாயை வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில், "பெலிக்ஸ், டேய் தம்பி, அக்காடா, தாழ்ப்பாள மட்டும் எடுத்துடு, நான் உள்ள வரமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முதல் டேக்கில் அவள் இந்தக் காட்சியை அப்படித்தான் பேசினாள், மெதுவாக, இடுக்கு வழியாக. இளம்பரிதிக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிறகு அவன் யோசித்து, "நல்லாருக்கு மேடம், ஆனா தியேட்டர்ல போய்ச் சேராது" என்று சொல்லிவிட்டான். சேராதுதான். சினிமாவில் இந்த நோய்க்கு வேறு முகம். ஆதிக்குக் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் மை, தாடி, கலைந்த முடி, அதிலும் அழகாகத்தான் இருக்கிறான். பெலிக்ஸுக்கு முதலில் போனது பல். பிறகு பசி போயிற்று, மலச்சிக்கலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான், கழுத்தையும் மூக்கையும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வான். வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றி ஏற்றி இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கி, தொட்டால் கொதித்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்த டாக்டர், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கை போயிருக்கும் என்றார். இதயத்து வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கிறது என்று இன்னொரு டாக்டர் சொன்னார். ஊசியில் போன கிருமி. வட சென்னையில் எந்த மைதானத்தில் கேட்டாலும் கோல்கீப்பர் பெலிக்ஸ் என்றால் தெரியும், கோல்கம்பத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பறப்பான். இப்போது இரண்டாவது மாடி ஏற நடுவில் ஒரு தடவை நிற்கிறான். நிற்பது தெரியாமலிருக்க செருப்பு வாரைச் சரி பண்ணுவது போலக் குனிவான்.

ஆர்க்காடு சாலையைத் தாண்ட வேண்டுமே. இதை அவள் ஏன் காலையில் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நடுவில் பாதி ரோட்டைத் தோண்டித் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள், மிச்சப் பாதியில் லாரியும் பஸ்ஸும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன. ஷெரின் கையைப் பிடித்தால் பிடியில் நிற்கமாட்டாள், ஓடுவாள். அவன் ஓட முடியாது. நடு ரோட்டில் அவனுக்கு மூச்சு வாங்கினால்? குனிந்து செருப்பு வாரைச் சரி பண்ணினால்? சரி, அது வெறும் ரோடு. ரோட்டைத் தினம் ஆயிரம் பேர் தாண்டுகிறார்கள். அவள் பயப்படுவது ரோட்டுக்கு இல்லை. ரோட்டுக்குத்தான் பயப்படுகிறோம் என்று நினைத்துக்கொள்வது ஒரு சௌகரியம், அது யாருக்கும் வரக்கூடிய பயம், கௌரவமான பயம். அதற்குப் பின்னால் இருப்பது கடல். கடலை இப்போது நினைக்க வேண்டாம். பாபு கையைத் தூக்குகிறான். "ஓகே மேடம், இது ஓகே, அடுத்தது போயிடலாம்."

அடுத்தது, கதவு உடைந்த பிறகு. ஆதி தரையில் கிடக்கிறான், மனைவி அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "உனக்கு நான் வேணுமா, இது வேணுமா? சொல்லு ஆதி" என்கிறாள். ஆதி அவள் காலைக் கட்டிக்கொண்டு, "நீதான், நீ மட்டும்தான்" என்று அழுகிறான். பின்னணியில் வயலின் வரும் என்று இளம்பரிதி சொன்னான். இந்த வசனத்தைப் படித்தபோது ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பா அது என்று தெரியாத ஏதோ ஒன்று வந்தது. ஏனென்றால் அவளும் கேட்டாள். அச்சு அசல் இதே கேள்வியை. வசனம் எழுதுகிறவர்கள் எங்கிருந்தோ எடுத்துவிடுகிறார்கள், அல்லது கேட்கிறவர்களெல்லாம் படம் பார்த்துத்தான் கேட்கிறார்களோ என்னவோ. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் கட்டோடு, அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "உனக்கு நாங்க வேணுமா, அது வேணுமாடா?" அவன் ரொம்ப நேரம் யோசித்தான். அந்த யோசனைதான் அவளைக் கொன்றது. "தெரியலக்கா" என்றான். பொய் சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் அவன் சொன்ன ஆயிரம் பொய்களுக்கு நடுவில் அந்த ஒன்று நிஜம். ஜுரம், விபத்து, நண்பனுக்கு உடம்பு சரியில்லை, நேற்றே விட்டுவிட்டேன், மாதா சத்தியமாக, அம்மா கல்லறை மேல் சத்தியமாக. எல்லாவற்றையும் அவள் நம்பவும் செய்தாள், நம்பாமலும் இருந்தாள். வார்த்தையை விட்டுவிட்டுக் குரலைக் கேட்கப் பழகிக்கொண்டாள். மாத்திரை உள்ளே போயிருந்தால் 'ர' வழுக்கும், வாக்கியத்தின் கடைசி வார்த்தை படுத்துவிடும். போனில் அவன் "அக்கா" என்று சொன்ன மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும், கணவருக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே. தெரிந்தும் ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருப்பாள். அப்படி அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வாரத்தில்தான்.

வேண்டாம். "உனக்கு நான் வேணுமா, இது வேணுமா?" "மேடம், 'இது'ங்கறதுல கொஞ்சம் வெறுப்பு." சரி. இது. இது வேணுமா. இன்று காலை அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது. நான் போய்க் கூட்டிட்டு வர்றேனேக்கா. 'ர' சுத்தமாக நின்றது, கடைசியில் அந்த 'க்கா' நிமிர்ந்து நின்றது. போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் காலையில் இருந்தது சாயங்காலம் இருக்கும் என்று யார் சொன்னது. மையத்தில் இருந்த கவுன்சலர் அம்மா நல்லவர், நேராகவே சொன்னார், "வாய்ப்பு கொடுங்க, ஆனா கண்ண மூடிக்கிட்டுக் கொடுக்காதீங்க." எப்படிக் கொடுப்பது அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டா. வாய்ப்பு என்று அவர் சொன்னது கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது மாதிரி. பிள்ளையை ஒப்படைப்பதா. அதுவும் இந்தப் பிள்ளையை. அவனிடம். மறுபடியும். அருள்ராஜுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை அவள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போய்த் தொடாமல் திரும்பி வருகிறாள். அவள் கணவர் அருள்ராஜ் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். இப்போது பெரம்பூரில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார். சண்டையெல்லாம் போடவில்லை. பெலிக்ஸ் மையத்திலிருந்து வருகிறான் என்று சொன்ன அன்று, "ஜெசி, நீ அவனக் கூட்டிட்டு வா, நான் வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா அவன் இருக்கற வீட்ல என்னால தூங்க முடியாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஷெரினைப் பூசைக்குக் கூட்டிப்போவார். வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பார், மேலே வரமாட்டார். அந்த ஹாரன் கேட்டதும் பெலிக்ஸ் எழுந்து பின்பக்கம் துணி காயும் இடத்துக்குப் போய்விடுவான், காய்ந்ததும் காயாததுமாகத் துணியையெல்லாம் எடுத்து மடிப்பான். ஒரு காலத்தில் இரண்டு பேரும் எப்படி இருந்தார்கள். அவனுக்கு பைக் ஓட்டக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். அவன் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் ஷிப்டு மாற்றிக்கொண்டு போய் கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று, "பெலிக்ஸு, லெஃப்டுல பாரு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். எதிர் அணிக்காரர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கை வீங்கியபோது தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான். எத்தனையோ பொறுத்தார். கடலுக்கு அப்புறம்தான் பொறுக்கவில்லை.

"மேடம், இப்ப ஒரு பாட்டு வரும், அதுக்கு நடுவுல உங்க மூச்சுச் சத்தம் மட்டும் வேணும்." பாட்டு ஓடியது. ஆதி போர்வைக்குள் நடுங்குகிறான், வாந்தி எடுக்கிறான், மனைவி நெற்றியைத் துடைக்கிறாள், ஜன்னலில் மழை, அவன் கஞ்சி குடிக்கிறான், மொட்டை மாடியில் சூரிய உதயம், இரண்டு பேரும் கை கோத்து நிற்கிறார்கள். ஒரு பாட்டுக்குள் முடிந்துவிட்டது. சரணம் முடிவதற்குள் தெளிந்துவிட்டான். பெலிக்ஸ் மூன்று தடவை மையத்துக்குப் போய் மூன்று தடவையும் திரும்பி வந்தான், இது நாலாவது. ஜெசிந்தா மூச்சு விட்டாள், அழுவதற்கு முந்தின மூச்சு, நிம்மதியான மூச்சு, பிறகு சும்மா ஒரு மூச்சு. அந்தச் சும்மா மூச்சுக்குள் கடல் வந்துவிட்டது. தடுக்க முடியவில்லை. ஷெரினுக்கு அப்போது நாலு வயது. படகு காட்டுகிறேன் என்று காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தூக்கிப் போனான். அன்று அவன் குரலில் 'ர' வழுக்கியதை ஜெசிந்தா கேட்டாள். கேட்டும், காலை வெயில்தானே, அரை மணி நேரம்தானே, பிள்ளை ஆசைப்படுகிறாள், வேண்டாமென்றால் அவரிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், இப்படியே ஒவ்வொன்றாக நினைத்து, பிள்ளையின் சட்டைக் கொக்கியைப் போட்டு அனுப்பி வைத்தாள். அவன் கரையேற்றிய ஒரு படகில் சாய்ந்து உட்கார்ந்தான், தலை தொங்கிவிட்டது. பிள்ளை நடந்தாள். அலைக்குத் தடுப்பாகக் கடலுக்குள் நீளமாகப் போட்டிருக்கும் கருங்கல் மேல் ஏறி நடந்தாள். கல் பாசி பிடித்து வழுக்கும், இரண்டு பக்கமும் தண்ணீர். மீன் ஏலத்துக்கு வந்த பெண்கள் யாரோ பார்த்திருக்கிறார்கள். ஓடிப்போய்ப் பிடித்தபோது கவுன் இடுப்பு வரை நனைந்திருந்தது. அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெண்கள் பெலிக்ஸைக் கன்னத்தில் அறைந்து எழுப்பினார்கள், அவன் எழுந்து, பிள்ளையைப் பார்த்து, புன்னகைத்தான். என்ன நடந்தது என்று புரியாமல் புன்னகைத்தான். செய்தி கேட்டு ஓடி வந்த அருள்ராஜ் முதலில் பார்த்தது அந்தப் புன்னகையைத்தான். இப்போதும் தூங்க முடியாது என்று அவர் சொன்னால் அந்தப் புன்னகையைத்தான் சொல்கிறார். ஜெசிந்தாவுக்கு அது தெரியும். ஆனால் அவளுக்கு வருவது புன்னகை இல்லை, சட்டைக் கொக்கி. தன் விரல் அந்தக் கொக்கியைப் போடுகிறது, போட்டு, முதுகைத் தட்டி, போ என்கிறது. இன்று காலையும் போ என்றுதான் அனுப்பினாள். இரண்டாவது தடவையும் நான்தான்.

"மேடம்? மேடம், மூச்சு கேட்குது, போதும். ஓகே." அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வேணும் இளம்பரிதி" என்றாள். குரல் பாதிதான் வந்தது, மீதி காற்றாகப் போயிற்று. கனமான கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது வராந்தாவில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, விட்டாயிற்று, பள்ளிக்கூடம் விட்டு வெகு நேரமாயிற்று. தட்டில் நாலைந்து போன்களுக்கு நடுவில் அவளுடையதைத் தேடி எடுத்தாள். பெலிக்ஸ். பெலிக்ஸ். பெலிக்ஸ். திரை முழுக்க அவன் பெயர்தான், அடுக்கடுக்காக. கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அதற்கு மேலே அருள்ராஜ். அவர் வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டார். செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். பெலிக்ஸை அழைத்தாள், வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. பள்ளிக்கூடத்தை அழைத்தாள். வாட்ச்மேன் எடுத்தார். "தர்ட் பி ஷெரினா? போய்ட்டாங்களேம்மா. கூட்டிட்டுப் போய்ட்டாங்க." "யாரு? யாரு கூட்டிட்டுப் போனது?" "யாரோ ஒருத்தர் வந்தாரும்மா, பாப்பா ஓடிப்போய்க் கைய புடிச்சுக்கிச்சு." "எப்படி இருந்தார்? நல்லா இருந்தாரா?" வாட்ச்மேனுக்குக் கேள்வி புரியவில்லை. "நல்லாதான் இருந்தாரு. எதுக்கும்மா?" அவள் வைத்துவிட்டாள். ரோட்டின் பக்கமிருந்து ஹாரன் சத்தம், ஆம்புலன்ஸ் மாதிரி ஒன்று, இல்லை, அது கரும்பு ஜூஸ் வண்டி மணி, அதற்கும் ஆம்புலன்ஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் காது போய்விட்டதா. அருள்ராஜின் பெயரை அழுத்தினாள். ஒரே மணியில் எடுத்தார்.

"ஜெசி, ஷெரின் என்கூடத்தான் இருக்கா. ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு இருக்கா." அவர் கொஞ்சம் காத்திருந்தார். "கேக்குதா? நல்லா இருக்கா. நம்ம வீட்டு மாடிப்படியிலதான் உக்காந்திருக்கோம்." "நீங்க எப்படி..." "உன் தம்பி போன் பண்ணான்." பின்னால் பிள்ளையின் சத்தம் கேட்டது, அப்பா அம்மாவா அப்பா என்று. அவர் எழுந்து தள்ளிப்போவது கேட்டது. "மத்தியானம் மெஷின் பக்கத்துல நிக்கறேன், புது நம்பர். எடுத்தா, 'அத்தான், நான் பெலிக்ஸ், வெச்சிடாதீங்க'ன்னான். வெச்சிடத்தான் போனேன், ஜெசி. பட்டன் மேல கை போயிடுச்சு. 'ஷெரின இன்னைக்கு நான் கூட்டிட்டு வர்றதா இருக்கு, என்னால முடியாது, நான் கூட்டிட்டு வரக் கூடாது, நீங்க போங்க'ன்னான். என்னடான்னா, 'இன்னைக்கு என்னால என்னை நம்ப முடியல அத்தான்'னான். அவ்வளவுதான், வெச்சுட்டான். நான் எப்படி வந்து சேர்ந்தேன்னு எனக்கே தெரியல." அவள் சுவரில் சாய்ந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை, அவனிடம் அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்தது என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை. "அவன் எங்கே இருக்கான்னு கேட்டியா?" என்றார். "அதுக்கப்புறம் நானும் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கல. நீ கூப்பிடு. நான் இங்கே இருக்கேன்."

நான் இங்கே இருக்கேன் என்றாரா. எந்த இங்கே, மாடிப்படியா, வீடா. அதை யோசிக்க முடியவில்லை. ஒரு பயம் எழுந்து போன இடத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளை பத்திரம். அப்படியானால் அவன்? தன்னைத் தானே நம்ப முடியாதவன், பிள்ளையைப் பத்திரமான கையில் சேர்த்துவிட்டவன், இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவன், எங்கே போவான். இத்தனை நேரமும் அவள் ஷெரினுக்காக மட்டும்தான் பயந்திருக்கிறாள். அவன் கைக்கு, அவன் மூச்சுக்கு, அவன் இரத்தத்துக்கு அல்ல, அவனிடமிருந்து பிள்ளைக்கு. பல வருஷமாக அப்படித்தான் ஆகிவிட்டது. அவனைப் பற்றிய பயமெல்லாம் அவன் மற்றவர்களுக்கு என்ன செய்வான் என்ற பயம். கொஞ்ச நாள் விட்டுவிட்டுத் திரும்ப ஏற்றுகிறவர்களுக்குப் பழைய அளவே விஷம் என்று கவுன்சலர் அம்மா சொல்லியிருக்கிறார். உடம்பு மறந்திருக்கும், மனசு மறந்திருக்காது, அங்கேதான் ஆள் போய்விடும் என்றார். மறுபடியும் பெலிக்ஸை அழைத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுடா. எடு. எடுத்தான்.

"அக்கா." அவள் காதைப் போனில் அழுத்தினாள். பஸ் சத்தம், யாரோ செருமுகிற சத்தம். "எங்கடா இருக்கே?" "போரூர்ல. மையத்து வாசல்ல. கவுன்சலர் மேடம் வெளிய போயிருக்காங்க, வந்துடுவாங்களாம். வாசல்ல உக்காந்திருக்கேன்." "என்னடா ஆச்சு?" "ஒண்ணும் ஆகலக்கா. ஆகல. நீ போன எடுக்கல, அதான் அத்தானுக்குப் பண்ணேன்." மூச்சு வாங்கினான். "நேரத்தோட கெளம்பிட்டேன். ஸ்கூல் பக்கத்துல டீக்கடையில நிக்கறேன், ஒருத்தன் பைக்க நிறுத்துறான். பழைய ஆளு. 'என்ன பெலிக்ஸு ஆளே காணும், இருக்கு, வேணுமா'ன்னான். வேணாம்னுதான் சொன்னேன். அவன் போய்ட்டான். ஆனா எந்தத் தெருவுல திரும்பினான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்க்கா. பார்க்கக் கூடாதுன்னு தெரியுது, கழுத்து திரும்ப மாட்டேங்குது. அப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சுது. இந்தக் கையில ஷெரின எப்படிக்கா புடிப்பேன்." அவள் அலமாரியிலிருந்து செருப்பை எடுத்துக் காலில் மாட்டினாள். அவன், "பாப்பா தேடுச்சா?" என்றான். "தெரியலடா. நான் இன்னும் பார்க்கல." "கேட்டுக்குப் பக்கத்துலயே நிப்பேன்னு சொல்லியிருந்தேன்." "அங்கயே இரு. எந்திரிக்காதே. நான் வர்றேன்."

இளம்பரிதி வராந்தாவுக்கு வந்திருந்தான். "மேடம், கிளைமாக்ஸ் ஒண்ணுதான் பாக்கி, நாலு லைன்." அவள் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் மேற்கொண்டு பேசவில்லை, தானே ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினான். ஆட்டோ வளசரவாக்கம் தாண்டும்வரை அவள் முன்சீட்டின் கம்பியைப் பிடித்தே உட்கார்ந்திருந்தாள். இந்த நேரத்துக்குள் அவன் எழுந்திருப்பானா. அந்த பைக்குக்காரன் எந்தத் தெருவில் திரும்பினான் என்று அவனுக்குத் தெரியும், போரூரிலிருந்து அந்தத் தெரு அரை மணி நேரம். மையத்து வாசலில் இருக்கிறேன் என்றான், இருக்கிறானா. பஸ் சத்தம் எல்லா இடத்திலும்தான் கேட்கும். 'ர' நன்றாகத்தான் இருந்தது, போரூர்ல என்று சொன்னபோது இரண்டு 'ர'வும் நின்றன. வார்த்தையைக் கேட்டேனா, 'ர'வைக் கேட்டேனா. அவன் தன் வாழ்க்கையிலேயே கஷ்டமான ஒரு காரியத்தைச் செய்துவிட்டுச் சொல்கிறான், நான் எழுத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். சிக்னலில் ஆட்டோ நின்றது. பக்கத்து பைக்கில் ஒரு ஆள் தன் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, தாடையை அதன் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தான். போ, போ என்று மனசுக்குள் சிக்னலைத் தள்ளினாள்.

இருந்தான். மையத்து கேட்டுக்குப் பக்கத்தில் சிமென்ட் பெஞ்சின் ஓரத்தில், யாரோ வந்து உட்காரப் போவதுபோல மீதி இடத்தையெல்லாம் விட்டு, ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு உள்ளங்கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அவன் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காத தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து எவ்வளவு மெலிந்துவிட்டது. பிறகு அவன் தலையைத் திருப்பினான், எழுந்தான், அவள் பக்கத்தில் வருவதற்குள் அவசர அவசரமாக இரண்டு கைப் பட்டனையும் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, இரண்டு கையையும் மல்லாத்தி நீட்டினான். யாரும் கேட்கவில்லை. "பாருக்கா" என்றான்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். அவன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும், கையை இறக்குடா என்று சொல்ல வேண்டும். ஆனால் கண் இறங்கிவிட்டது. இடது கையில் கீறிய தழும்பு பளபளவென்று இருந்தது, வலது கையில் பழைய கறுப்புப் புள்ளிகள், வரிசையாக. சாயங்கால வெளிச்சத்தில் குனிந்து, ஒவ்வொன்றாக, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பார்த்தாள். புதிதாக ஒன்றும் இல்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை அவன் அசையாமல் நின்றான். இனி எத்தனை வருஷம் ஆனாலும் இவன் நீட்டுவான், நான் பார்ப்பேன் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு சுருட்டிய சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டு, பட்டனைப் போட்டுவிட்டாள். "சாப்டியாடா?" என்று கேட்டாள். குரல் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. "இல்லக்கா" என்றான். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கவுன்சலர் அம்மா வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.